மனுவை எந்த வாசலில் கொடுப்பது?

எங்கள் வட்டாரத்து இயற்கை உழவர் கூட்டத்தில் போன மாதம் ஒரு மனு தயார் செய்தோம். கோரிக்கைகள் பதினொன்று. நெல்லின் ஈரப்பதம், காட்டுப்பன்றி, பயிர்க்கடன் தள்ளுபடி, பூச்சிக்கொல்லிக்குத் தடை, சான்றிதழ், வாய்க்கால் தூர்வாருதல் என்று எல்லாம் ஒரே தாளில், ஒரே முகவரிக்கு: மாவட்ட ஆட்சியர். படித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஆட்சியரால் ஆகக்கூடியது மூணு. சென்னையில் ஆகக்கூடியது நாலு. மிச்ச நாலும் டெல்லி சமாச்சாரம்" என்றேன். ஒரு தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "விவசாயம் மாநில அரசு கையிலதானே சார் இருக்கு? பள்ளிக்கூடத்துல அப்படித்தானே படிச்சோம்?"

படித்தது சரிதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதி தெரியாததால்தான் நம் மனுக்கள் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரிப் பதிலோடு வருஷக்கணக்கில் சுற்றுகின்றன.

அரசமைப்புச் சட்டத்தின் கடைசியில் சில அட்டவணைகள் உண்டு. அதில் ஏழாவது அட்டவணை ஒரு பாகப்பத்திரம் மாதிரி. எந்தச் சொத்து யாருக்கு என்று மூன்று பட்டியலாக எழுதியிருக்கிறது. ஒன்றியப் பட்டியலில் இருப்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் போடும். மாநிலப் பட்டியலில் இருப்பதற்குச் சட்டமன்றம். பொதுப் பட்டியலில் இருப்பதற்கு இருவரும் போடலாம். இருவர் சட்டமும் முட்டிக்கொண்டால் பொதுவாக டெல்லி சட்டம்தான் நிற்கும். 1950-ல் இந்தப் பட்டியல்களில் முறையே 97, 66, 47 பதிவுகள் இருந்தன. இது புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடும் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட 1935 இந்திய அரசாங்கச் சட்டத்திலேயே மூன்று பட்டியல் இருந்தது. பத்திரத்தில் பேர் வராத சொத்தெல்லாம் யாருக்கு என்றால், நம் நாட்டில் அது டெல்லிக்கு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது மாநிலங்களுக்கு. இந்த ஒன்றிலிருந்தே நம் பத்திரம் யார் பக்கம் சாய்ந்து எழுதப்பட்டது என்று தெரியும்.

(பணியில் இருந்த காலமெல்லாம் "மத்திய அரசு" என்றே எழுதிப் பழகியவன் நான். அரசமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. அதனால் இப்போது ஒன்றிய அரசு என்று எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இன்னமும் அதை ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்றே நினைத்துக்கொள்கிறார். இந்தக் கட்டுரையில் குழப்பம் வேண்டாம். டெல்லி என்றால் ஒன்றிய அரசு.)

இப்போது நம் சொத்தைப் பார்ப்போம். மாநிலப் பட்டியலில் 14-ஆவது பதிவு வேளாண்மை. வேளாண் கல்வி, ஆராய்ச்சி, பூச்சி நோய்த் தடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். 15 கால்நடை. 17 நீர், பாசனம். 18 நிலம். 28 சந்தை. 30 வட்டிக்கடையும் விவசாயக் கடன் நிவாரணமும். 32 கூட்டுறவுச் சங்கம். 46 விவசாய வருமானத்தின் மீதான வரி; வருமான வரித்துறை நம் வயல் வருமானத்தைத் தொடாததற்குக் காரணம் டெல்லியின் இரக்கம் இல்லை, அந்த அதிகாரம் அவர்கள் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடுவதும், 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டதும் இந்தப் பதிவுகளின் பலத்தில்தான். சிக்கிம் 2003-ல் சட்டமன்றத்தில் முடிவெடுத்து, ரசாயன உரத்துக்கான உதவியைப் படிப்படியாக நிறுத்தி, 2016-ல் முழு இயற்கை மாநிலம் என்று அறிவிக்கப்பட்டதும் அப்படித்தான். மனசு வைத்தால் ஒரு மாநிலத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சாட்சி.

வயல் நம் பேரில் இருக்கிறது. ஆனால் வண்டிப்பாதை பக்கத்து வீட்டுக்காரன் பட்டாவில் போகிறது. அதுதான் சிக்கலே. வயலுக்குள் போகிற பொருளும், வயலிலிருந்து வெளியே வருகிற பொருளும் பெரும்பாலும் டெல்லியின் பட்டியல் வழியாகத்தான் போய் வரவேண்டும்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து சேரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். நம் ஆட்கள் பட்டியல் எழுத்தரிடம் சண்டை போடுவார்கள், சாலை மறியல் செய்வார்கள். நிலையம் நடத்துவது மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் 17 என்ற எண் அவர்கள் போட்டது இல்லை. தமிழ்நாட்டில் 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடக்கிறது. அதாவது மாநிலமே கொள்முதல் செய்து, அரைத்து, அரிசியை ஒன்றியத் தொகுப்புக் கணக்கில் சேர்க்கிறது. அதற்கான பணம் டெல்லியில் இருந்து வருவதால் தர அளவையும் டெல்லிதான் வைக்கிறது. மழை வந்து 22 சதவீதம் வரை அனுமதி கேட்டால், முதலமைச்சர் கடிதம் எழுத வேண்டும், ஒன்றியக் குழு ஒன்று கிளம்பி வந்து நம் களத்தில் நெல்லை அள்ளிப் பார்க்க வேண்டும், அது திரும்பிப் போய் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் நெல் முளைத்துவிடும். சில வருஷம் தளர்வு வரும், கேட்ட அளவு வராது. தார்ப்பாய் இல்லை, சாக்கு இல்லை, எடையில் மோசடி, சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள் என்றால் அது மாநிலத்தின் வாசல். ஈரப்பதம் என்றால் டெல்லி வாசல். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டு பேருக்கும் நழுவ வழி கிடைக்கும்.

குறைந்தபட்ச ஆதரவு விலையும் டெல்லி அறிவிப்பதுதான். எந்தச் சட்டத்திலும் அது உரிமையாக எழுதப்படவில்லை. ஒன்றிய அமைச்சரவையின் முடிவு, அவ்வளவுதான். அதற்கு மேல் நமக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை மாநிலத்தின் பணம். கரும்பு மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கு டெல்லி வைக்கும் விலை சட்டப்படியானது. அதற்கு மேல் மாநிலமும் ஒரு விலை வைக்கலாம், ஆலைகள் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரப் பிரதேச வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த அதிகாரம் இருந்தும் தமிழ்நாடு அந்த முறையைக் கைவிட்டு வருவாய்ப் பங்கீட்டு முறைக்குப் போனது. அங்கே டெல்லியைக் குறை சொல்ல இடமில்லை.

கடனைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன்.

2016 மே மாதம் கூட்டுறவுச் சங்கங்களில் சிறு, குறு விவசாயிகள் வாங்கிய பயிர்க்கடன் தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்தபோது நான் பணியில் இருந்தேன். ஒரு வாரத்துக்குக் கிளையில் உட்கார முடியவில்லை. "சொசைட்டியில வாங்கினவனுக்குத் தள்ளுபடி. உங்ககிட்ட வாங்கின எனக்கு மட்டும் ஏன் சார் நோட்டீஸ்?" நியாயமான கேள்வி. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஒரே புயல், ஒரே வறட்சி.

விடை பட்டியலில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியல் 32. வங்கித் தொழில் ஒன்றியப் பட்டியல் 45. மாநில அரசு தன் சங்கத்துக் கடனைத் தள்ளுபடி செய்யலாம். 2006-ல் செய்தது, 2016-ல் செய்தது, 2021-ல் 12,110 கோடி ரூபாய் செய்தது. தேசியமயமாக்கப்பட்ட வங்கியைப் பார்த்து "தள்ளுபடி செய்" என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. 2008-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தள்ளுபடித் திட்டம் வணிக வங்கிகளையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் அது டெல்லியின் திட்டம் என்பதுதான்.

ஆனால் இங்கே ஒரு சந்து உண்டு, அதை நிறையப் பேர் சொல்வதில்லை. மாநிலம் உத்தரவிட முடியாது, ஆனால் பணம் கட்ட முடியும். 2017-ல் உத்தரப் பிரதேசம் சிறு, குறு விவசாயிகளின் வங்கிக் கடனில் ஒரு லட்சம் ரூபாய் வரை தன் கருவூலத்திலிருந்து வங்கிகளுக்குக் கொடுத்துத் தீர்த்தது. சுமார் 36,000 கோடி ரூபாய். அதே ஆண்டு மகாராஷ்டிராவும் செய்தது. ஆகவே "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று மாநில அரசு சொன்னால் அது பாதி உண்மை. "எங்களிடம் பணம் இல்லை" என்று சொன்னால்தான் முழு உண்மை. கேள்வியை அப்படித்தான் கேட்க வேண்டும்.

தள்ளுபடி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். என் கருத்து, வருஷா வருஷம் விலை சரியாகக் கிடைத்தால் தள்ளுபடி கேட்கும் நிலையே வராது. அது இருக்கட்டும்.

கூட்டுறவு பற்றி இன்னொன்று. 2021 ஜூலையில் டெல்லியில் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகம் வந்தது. அதே மாதம், கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை, மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதி மாநிலங்களின் ஒப்புதல் வாங்காமல் மாநிலப் பட்டியலில் கை வைத்தார்கள் என்பது காரணம். ஆனால் பல மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கம் என்றால் அது டெல்லியின் அதிகாரத்தில் வரும். 2023-ல் பதிவான தேசிய கூட்டுறவு ஆர்கானிக்ஸ் நிறுவனம் அந்த வகைதான். "பாரத் ஆர்கானிக்ஸ்" என்ற பெயரில் இயற்கை விளைபொருள் விற்பது அதுவே. நம் சந்தையில் ஒரு பெரிய ஆள் இறங்கியிருக்கிறார், அவருடைய பதிவாளர் டெல்லியில் இருக்கிறார் என்பதை நம் உற்பத்தியாளர் குழுக்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பூச்சிக்கொல்லிக்கு வருவோம். நம் இயக்கத்துக்கு இது உயிர் விஷயம். "தமிழக அரசே, தடை செய்!" என்று எத்தனை முழக்கம் போட்டிருப்போம்! 14-ஆவது பதிவில் பூச்சித் தடுப்பு மாநிலத்துக்கு என்று இருந்தாலும், பூச்சிக்கொல்லியை எது விற்கலாம், எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்று பதிவு செய்வது 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒன்றிய அரசின் பதிவுக் குழு. கடைக்காரருக்கு உரிமம் கொடுப்பதும், மாதிரி எடுத்துச் சோதிப்பதும், வழக்குப் போடுவதும் மாநில அலுவலர்கள். அந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மாநிலத்துக்கு ஒரு சின்னக் கத்தி கொடுத்திருக்கிறது: ஆபத்து என்று பட்டால் ஒரு மருந்தின் விற்பனையை 60 நாளைக்கு நிறுத்தி வைக்கலாம், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். மொத்தம் 90. அதற்குமேல் நிரந்தரத் தடை என்றால் டெல்லிதான். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை வந்ததே, ஏன் அறுபது என்று பலர் கேட்டார்கள். அரசுக்கு ஆர்வம் குறைவு என்பதால் இல்லை, சட்டத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

காசர்கோட்டு மக்கள் இதை அனுபவித்து அறிந்தவர்கள். முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை வானிலிருந்து தெளித்ததன் விளைவைத் தலைமுறை கடந்து சுமக்கிறார்கள். கேரளத்தில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2005-ல் ஒன்றிய அரசின் அறிவிக்கை மூலம்தான் தடை வந்தது. 2011-ல் கர்நாடகம் தன் பங்குக்கு 60 நாள் தடை போட்டது. நாடு முழுக்க நின்றது 2011 மே 13 அன்று, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால். ஒரு மாநிலத்தின் மக்கள் கண்முன் பாதிக்கப்பட்டாலும், அந்த மாநிலத்தால் தன் எல்லைக்குள் ஒரு விஷத்தை நிரந்தரமாக நிறுத்த முடியாது என்பது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. மாநிலங்களுக்கு நிரந்தரத் தடை அதிகாரம் கேட்பது நம் மனுவில் வர வேண்டிய கோரிக்கை. அதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்துப் பயனில்லை.

இனி பொதுப் பட்டியல். இதில் 33-ஆவது பதிவு என்று ஒன்று இருக்கிறது. உணவுப் பொருள், எண்ணெய் வித்து, கால்நடைத் தீவனம், பருத்தி, சணல் ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், வணிகம். அரசமைப்பு எழுதியபோது இது இந்த வடிவில் இல்லை. பஞ்ச காலம் என்பதால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் இவற்றில் சட்டம் போட நாடாளுமன்றத்துக்குத் தற்காலிக அனுமதி இருந்தது. அந்தக் கெடு முடியும் முன், 1954-ல் மூன்றாவது திருத்தம் கொண்டுவந்து அதை நிரந்தரமாகப் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் வந்தது. கைமாற்றாகப் போன ஏர்மாடு திரும்பி வரவே இல்லை.

அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் 2020-ல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. சந்தை மாநிலப் பட்டியல் 28. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் மாநிலச் சட்டப்படி நடப்பவை. டெல்லி என்ன செய்தது? கூடத்தின் சுவருக்கு வெளியே உள்ள இடத்தையெல்லாம் "வணிகப் பகுதி" என்று பெயரிட்டு, அங்கே நடப்பது சந்தை இல்லை, உணவுப் பொருள் வணிகம், அது 33-ஆவது பதிவு என்றது. அங்கே மாநிலம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் எழுதியது. பஞ்சாப், ஹரியானா உழவர்கள் டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததும், 2021 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்ததும், அந்த நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சட்டங்களைப் போட டெல்லிக்கு அதிகாரம் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொல்லவில்லை. சட்டம் போனது, 33-ஆவது பதிவு அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேறு பெயரில் வரலாம்.

சந்தையை மாநிலத்திடம் விட்டால் எல்லாம் நன்றாக நடக்கும் என்றும் நான் சொல்லவில்லை. பீகார் 2006-லேயே தன் விற்பனைக் கூடச் சட்டத்தை ரத்து செய்தது. கேரளத்தில் அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை. பஞ்சாபில் அது உழவருக்கு உயிர்நாடி. ஒரே அளவில் எல்லோருக்கும் சட்டை தைத்தால் யாருக்கும் பொருந்தாது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் வேளாண்மையைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் என்ற அதன் பரிந்துரையை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். இந்தப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பொதுப் பட்டியல் என்பது பெயரில்தான் பொது.

பொதுப் பட்டியலில் மாநிலம் ஜெயிக்கவே முடியாதா என்றால், ஒரு வழி உண்டு. மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் அதுவே நிற்கும். ஜல்லிக்கட்டு அப்படித்தான் மீண்டது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் டெல்லியுடையது, 1960. 2014-ல் உச்ச நீதிமன்றம் அதன்படி ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 தைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு போட்ட திருத்தத்தை 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. ஒப்புதல் கொடுப்பவர் குடியரசுத் தலைவர் என்றாலும், அவர் ஒன்றிய அமைச்சரவை சொல்படிதான் நடப்பார். ஆக, மெரினாவில் அவ்வளவு கூட்டம் கூடாமல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது நீங்களே யோசிக்க வேண்டியது.

காட்டுப்பன்றியும் பொதுப் பட்டியல்தான். காடும் வனவிலங்கும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-ஆவது திருத்தம் அவற்றையும் கல்வியையும் சேர்த்துப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. 1972 வனவிலங்குச் சட்டப்படி ஒரு விலங்கைப் பயிர் அழிக்கும் விலங்கு என்று அறிவித்துப் பாதுகாப்பை எடுத்துவிடும் அதிகாரம் டெல்லிக்கு மட்டும். பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் சில காலம் அப்படிக் கொடுத்தார்கள். கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டும் கொடுக்கவில்லை. அதனால் கேரளம் சட்டத்தின் வேறொரு பிரிவைப் பிடித்தது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் குறிப்பிட்ட விலங்கைச் சுட மாநிலத் தலைமை வனக் காப்பாளர் அனுமதிக்கலாம். அந்த அதிகாரத்தை 2022-ல் ஊராட்சித் தலைவர்கள் வரை கீழே இறக்கியது. நம் மாநிலத்தில் 2025-ல் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கடலைக் கொல்லையில் பன்றி நிற்கும்போது வனத்துறைக்குப் போன் போட்டு யார் காத்திருப்பது? இதில் "டெல்லி விடவில்லை" என்று மாநிலம் சொல்ல முடியாது. கேரளம் செய்ததை நாமும் செய்யலாம் என்பதே சென்னைக்கு நாம் எழுத வேண்டிய மனு.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. மேலே உள்ள மண், நிலம் மாநிலப் பட்டியல். அடியில் உள்ள எண்ணெய் ஒன்றியப் பட்டியல் 53. ஒரே ஏக்கருக்கு இரண்டு சொந்தக்காரர்கள். மேல்மண்ணுக்காரர் போட்ட சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை மண்டலத்துக்குள் தடுக்கிறது; ஏற்கெனவே இருந்த கிணறுகளைத் தொடவில்லை. நிலத்தில் தோண்டுவதற்கான குத்தகையில் மாநிலம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் இந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கிறது. ஆனாலும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் டெல்லியின் ஏலப் பட்டியலில் வந்துவிட்டன. மாநில அரசைக் கேட்கவே இல்லை. ஊரெல்லாம் கொந்தளித்து, முதலமைச்சர் கடிதம் எழுதி, சில நாளில் ஏப்ரல் 8-ஆம் தேதி நீக்கினார்கள். காவிரியும் இதே கதைதான்: நீர் மாநிலப் பட்டியல், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு ஒன்றியப் பட்டியல் 56. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் தீர்ப்பு, 2018-ல் 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றத்தின் முடிவு, அதன்பின் மேலாண்மை ஆணையம். வாய்க்கால் தூர்வாருவது மட்டும் எந்த ஆணையத்தின் பொறுப்பும் இல்லை. அது சுத்தமாக மாநில, ஊராட்சி வேலை.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் அங்ககச் சான்றளிப்புத் துறை மாநில அரசின் துறை. ஆனால் அது பின்பற்றும் விதிகள் ஒன்றிய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள அபேடாவின் தேசியத் திட்டத்துடையவை. ஏற்றுமதி டெல்லியின் பட்டியல் என்பதால். பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறை டெல்லியின் வேளாண் அமைச்சகத்துடையது. ஆகவே ஆய்வாளர் வரவில்லை, தாமதம் என்றால் கோவைக்கு எழுதுங்கள். மாற்றுக் காலம் அதிகம், படிவம் அதிகம் என்றால் கோவைக்கு எழுதி லாபம் இல்லை. மண்புழு உரம் மூட்டை போட்டு விற்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கக உரங்களுக்கும் 2006 முதல் ஒன்றிய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைதான் தர அளவு வைக்கிறது. மாதிரி எடுக்க வருபவர் மட்டும் நம் ஊர் வேளாண் அலுவலர்.

கடைசியாகப் பணம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அடக்க விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை டெல்லி உரக் கம்பெனிக்கு மானியமாகக் கொடுக்கிறது. 2022-23-ல் மொத்த உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். "யூரியா மானியத்தை இயற்கை விவசாயிக்குக் கொடு" என்று நாம் சென்னையில் கேட்பதில் அர்த்தம் இல்லை, அந்தப் பணம் சென்னைக்கு வருவதே இல்லை. நாம் யூரியா வாங்காமல் விட்டதால் மிச்சமாகும் மானியமும் டெல்லியின் கஜானாவிலேயே தங்கிவிடுகிறது. இத்தனை வருஷம் ஒரு மூட்டைகூட வாங்காத என் ஐந்து ஏக்கரால் மிச்சமான மானியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய தொழில் புத்தி போகாது.

இதற்கு ஒரு சின்ன வாசல் 2023-ல் திறந்தது. பிஎம்-பிரணாம் என்ற திட்டம். ஒரு மாநிலம் அதற்கு முந்தைய மூன்று ஆண்டு சராசரியைவிட ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்தால், மிச்சமான மானியத்தில் பாதியை அந்த மாநிலத்துக்கு டெல்லி மானியத் தொகையாகக் கொடுக்கும். அதாவது, நம் வயலில் தூவாத யூரியாவுக்கு முதல் தடவையாக மாநிலத்தின் கணக்கில் ஒரு விலை வந்திருக்கிறது. அந்தப் பணம் வந்தால் மாற்று உரத் தயாரிப்புக்கும், குறைத்துக் காட்டிய உழவர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்கில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு வந்தது, எங்கே செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டிருக்கிறேன். ஒன்று டெல்லியில் உரத் துறைக்கு, ஒன்று சென்னையில் வேளாண் துறைக்கு. ஒரே கேள்விகள், இரண்டு வாசல். பதில்கள் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கேயே எழுதுகிறேன்.